விதி என்றால் எந்த விதி?

வைகுண்ட ஏகாதசி ராத்திரி. விருதுநகரில் உறவுக்காரர் வீட்டில் கண்விழிப்பதற்காகப் பரமபதம் ஆடினோம். பெரிய பாம்பு கடித்துக் கீழே வந்த பொடியனிடம் பாட்டி, "போன ஆட்டத்துல அழுகுணி ஆட்டம் ஆடினேல்ல, அதான் கொத்திருச்சு" என்றார். அவன் விடவில்லை. "இல்ல பாட்டி, மூணு விழுந்துச்சு. ரெண்டு விழுந்திருந்தா தப்பிச்சிருப்பேன்."

பையன் கட்சிதான் என் கட்சி.

ஆட்ட விதியைக் கதையாகச் சொல்வது நல்ல காரியமே. 1974ல் அமெரிக்காவில் வந்த 'டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டமே அப்படித்தான். இருபது முகப் பகடையில் எண் குறைவாக விழுந்தால், நடத்துகிறவர் "உன் வாள் அவன் கேடயத்தில் பட்டு வழுக்கிருச்சு" என்று வர்ணிப்பார். கேட்பவனுக்கு, அடுத்த தடவை வேறு வழி பார்க்கலாம் என்று புரியும். கதை விதியை விளக்குகிறது. பரமபதத்தில் கதை விதியை மறைக்கிறது. அங்கே நாம் தேர்ந்தெடுக்க எதுவுமே கிடையாது, உருட்டுவதைத் தவிர. ஆனால் படம் பாவம், புண்ணியம் என்கிறது.

விளையாட்டென்றால் போகட்டும். பக்கத்தில் சிவகாசி வட்டாரத்தில் இதையே தலைகீழாக ஆடுகிறோம். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் 30 பேருக்கு மேல் இறந்தார்கள். 2021 பிப்ரவரியில் சாத்தூர் பக்கம் அச்சங்குளம். இரண்டிலும் விதிமீறல்கள் வெளிவந்தன. துக்க வீட்டில் என்ன சொல்கிறோம்? "எல்லாம் விதி." பகடை உருட்டாத இடத்தில் பகடைமேல் பழி!

அறைக்கு நாலு பேர், கலந்த மருந்தை மிச்சம் வைக்காதே என்பதெல்லாம் தகரப் பலகையில் வெறும் எண்ணாகத் தொங்கினால் யார் மனசில் நிற்கும்? போர்மேன் தினம் காலையில் கதையாகச் சொல்லட்டும்: "நேத்து மிச்சம் வச்ச மருந்து ராத்திரியெல்லாம் உள்ளுக்குள்ள சூடேறிக்கிட்டு இருந்துச்சு. காலைல ஒருத்தர் கை வச்சார். கதவுப் பக்கம் நின்ன நாலு பேர் ஓடிட்டாங்க. அஞ்சாவது ஆளுக்கு வழியில்ல." அந்த அஞ்சாவது ஆளை நிற்கவைத்தது யார் என்று அப்புறம் யாராவது கேட்பார்கள். முதலாளிகள் கதையைவிடப் பலகையை விரும்புவது இதனால்தானோ என்னவோ.

தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல். தலையில் எழுதினதும் விதி, சட்டத்தில் எழுதினதும் விதி. இரண்டாவதை மீறிவிட்டு முதலாவதைக் கைகாட்டுவதுதான் நிஜமான அழுகுணி ஆட்டம்.