மூன்று மாத நீதியும் முடியாத தவணைகளும்

2015 மே 13ஆந் தேதி பள்ளிக்குப் புறப்பட்ட புங்குடுதீவு மாணவியொருத்தி உயிருடன் வீடு திரும்பவில்லை. ஏழே நாள்களில் மக்களின் கொதிப்பு யாழ்ப்பாண நீதிமன்றக் கட்டடத்தின் மீதே கல்லாக விழுந்தது. அச்செயலை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆனால், நீதி வருமென்ற நம்பிக்கை வற்றிய இடத்திலேதான் இத்தகைய கல் எழுகிறது என்பதை ஆளுவோர் உணர்தல் வேண்டும்.

அந்த நம்பிக்கையை மீட்டுத் தந்தவர்கள் மூன்று தமிழ் நீதிபதிகள். பாலேந்திரன் சசிமகேந்திரன், அன்னலிங்கம் பிரேமசங்கர், மாணிக்கவாசகர் இளஞ்செழியன் ஆகியோர் யாழ்ப்பாணத்தில் ஒன்றாக அமர்ந்து, 2017 ஜூன் இறுதியிற் சாட்சிகளைக் கேட்கத் தொடங்கினர். செப்டெம்பர் 27இல் தீர்ப்பு வந்தது. எழுவருக்கு மரண தண்டனை, இருவர் விடுதலை. ஊர் கொதித்திருந்தபோதும் சான்று போதாதவரை விடுவித்தார்களே, அதுவன்றோ நீதி!

விசாரணை நடந்துகொண்டிருந்த ஜூலை 22ஆந் தேதி நல்லூரில், இளஞ்செழியன் அவர்கள் சென்ற வழியில் துப்பாக்கி வெடித்தது. அவருடைய மெய்க்காவலரான சார்ஜன்ட் ஹேமச்சந்திர உயிர் துறந்தார். அந்தச் சிங்களக் காவலரின் மனைவி முன் நீதிபதி மண்டியிட்டு அழுதார். அழுத பின் ஆசனத்துக்குத் திரும்பிக் கடமையை முடித்தார். 2025 ஜனவரியில் 61 வயது நிறைந்து அவர் ஓய்வுபெற்றார். ஒரு நீதிபதியின் துணிவை நாம் போற்றுகின்றோம். ஆனால் துணிவுள்ள ஒருவரை நம்பி மட்டும் ஒரு நாட்டின் நீதி நடக்கலாமா?

கணக்கைப் பாருங்கள். மன்று எடுத்துக்கொண்டது மூன்று மாதம். குற்றம் நடந்த நாளிலிருந்து மன்று கூடும்வரை கழிந்ததோ இரண்டு ஆண்டுக்கு மேல். ஆகவே, நாள்தோறும் தொடர்ந்து விசாரித்தால் வழக்கு முடியும் என்பது மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது. நாடே பார்த்த வழக்குக்குக் கிட்டிய இந்த வேகம், வேலி வழக்காடும் கமக்காரனுக்கு ஏன் கிட்டக்கூடாது?

தீவகத்துக் காணிச் சிக்கல் எளியதன்று. ஒரு துண்டுப் பனங்காணிக்கு உரித்தாளர் இங்கொருவர், கனடாவில் ஒருவர், சுவிஸில் ஒருவர். 1706இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையோ, பங்காளிக்கு முன்கொள்வனவு உரிமையைத் தந்துள்ளது. பங்காளிகள் கடல் கடந்திருக்க, உறுதி கறையான் தின்ன, தவணைக்கு மேல் தவணை போகிறது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த மத்தியஸ்த சபைகள், சட்டத்தரணி இன்றியே பல பிணக்குகளைத் தீர்க்க வல்லவை. எனினும், உரித்து ஆட்சேபிக்கப்பட்டால் முடிவு நீதிமன்றத்திடமே.

எனவே நாம் கேட்பவை மூன்று. முதலாவது, மாதத்தில் ஒருமுறையேனும் நீதவான் புங்குடுதீவுக்கு வந்து அமர்தல். நெடுந்தீவாரும் நயினாதீவாரும் குறிகட்டுவானிலேதான் கரையேறுகின்றனர். படகேறி வந்தவனை ஊர்காவற்றுறைக்கும் அலைக்கழிப்பானேன்? இரண்டாவது, தொடங்கிய விசாரணையை இடையறாது நடத்துதல். மூன்றாவது, வெளிநாட்டிலுள்ள பங்காளியின் சாட்சியத்தைக் காணொளி வழியே ஏற்றலும், வழக்கேட்டைக் கணினியில் ஏற்றித் தமிழிலே தவணையை அறிவித்தலும்.

இவற்றுக்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை, மனம் வேண்டும். சட்டத்தரணிகளுக்கும் ஒரு வார்த்தை: தவணை கேட்டு எழும்போது, அன்றைய கூலியை இழந்து வாங்கில் இருப்பவனை ஒருகணம் திரும்பிப் பாருங்கள். அவன் வழக்கில் தோற்றாலும் பொறுப்பான். காத்திருந்தே தோற்பதைத்தான் பொறுக்கமாட்டான்.