வேலை போனாலும் வரிப் பணம் போகலாமா?

2023 டிசம்பரில் என் பெண், மேலதிகாரியோடு வாக்குவாதம் முற்றி, நோட்டீஸ் மாதம்கூட இருக்காமல் வேலையை உதறிவிட்டு வந்துவிட்டாள். அவள் பேரிலும் தப்பு உண்டு, மறைப்பானேன்!

அடுத்த ஜூன் 15 தாண்டியும் வரி பிடித்ததற்கான 'ஃபார்ம் 16' வரவில்லை. போனில் கேட்டால், "நோட்டீஸ் பணத்தைக் கட்டிட்டு வாங்கிக்கோங்க" என்றார்களாம். "வேண்டாம்மா, விட்டுடு" என்று இவள் அழுகை. வருஷம் பூராவும் சம்பளம் உண்டு என்று கணக்கிட்டு வரி பிடித்திருந்தார்கள். ஒன்பது மாதத்தோடு நின்றதால் நல்ல தொகை திரும்பி வரவேண்டும். விட மனசு வருமா?

ஆடிட்டர் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டு மாமாவிடம் ஓடினேன். "நோட்டீஸ் பாக்கி வேறே, இது வேறேம்மா. வரி பிடிச்சவங்க சான்றிதழ் தந்தே ஆகணும். தராட்டா ஒரு நாளைக்கு 500 ரூபாய் அபராதம் வரலாம்" என்றார். சண்டையைப் பற்றி மூச்சு விடாமல், பான் நம்பர், வேலை பார்த்த தேதிகள் மட்டும் போட்டு ஈமெயிலும் பதிவுத் தபாலும் அனுப்பினோம். (வாசகம் என்னுடையது. அவள் எழுதியிருந்தால் இன்னொரு சண்டை!)

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வருமான வரித் துறையின் வலைத்தளத்தில் அவள் கணக்கில் '26ஏஎஸ்' என்றொரு பட்டியல் இருக்கிறது. அவள் பேரில் கம்பெனி கட்டிய வரி முழுவதும் அதில் இருந்தது. பிடித்துவிட்டுக் கட்டாமல் இருந்தாலும் அங்கே தெரிந்துவிடுமாம். அதையும் சம்பளச் சீட்டுகளையும் வைத்து 2024 ஜூலை 31க்குள் கணக்கைத் தாக்கல் செய்தோம்.

செப்டம்பரில் பணம் பாங்குக்கு வந்தது. ஃபார்ம் 16 அதற்கப்புறம்தான் வந்தது, ஒரு வரி கடிதம்கூட இல்லாமல்!