சிறுதேரும் விண்கலமும்

குறுந்தொகைச் செய்யுள் ஒன்றில் தச்சன் செய்த சிறுதேர் ஒன்று வருகிறது. அதில் ஏறி ஊர்தல் சிறுவர்க்கு இயலாது. எனினும், கையாற் பற்றி இழுத்தே அவர்கள் இன்புறுகின்றனர் என்கிறார் புலவர். பட்டினப்பாலையிலும் மூன்று சக்கரச் சிறுதேர் ஒன்று உருள்கிறது. பிற்காலப் பிள்ளைத்தமிழோ, ஆண்பாற் பிள்ளைக்குரிய பத்துப் பருவங்களுள் இறுதியானதைச் சிறுதேர்ப் பருவம் என்றே வகுத்தது. பெரியோர் ஊர்ந்த ஊர்திகளுள் அன்று தலைசிறந்தது தேர். அதனைச் சிறிதாக்கிக் குழந்தையின் கையிற் கொடுத்தனர் நம் முன்னோர். இற்றை நாளில் மாந்தர் ஏறிச் செல்லும் ஊர்திகளுள் தலைசிறந்தது விண்கலம். ஆதலின், வீட்டிலேயே அட்டைப் பெட்டியாற் செய்யப்படும் விளையாட்டு விண்கலமே இக்காலத்துச் சிறுதேர் என்பது என் துணிபு.

பதுளைக்கு அணித்தான தோட்டம் ஒன்றின் முன்பள்ளியில் அத்தகைய கலம் ஒன்றை அண்மையிற் கண்டேன். குளிர்சாதனப் பெட்டி வந்த பெரிய அட்டைப் பெட்டியே அதன் உடல். முன்புறத்தில் சாளரமாக ஒரு சதுரம் வெட்டப்பட்டிருந்தது. சாளரத்துக்கு அப்பால், திரை மட்டும் தெரியுமாறு, பழைய கணினி ஒன்று வைக்கப்பட்டிருந்தது. கலத்தினுள்ளே அதன் விசைப்பலகை. மூன்று விசைகளின் மேல் மட்டும் வெவ்வேறு நிறப் போத்தல் மூடிகள். ஏனையவை அட்டையால் மூடப்பட்டிருந்தன. சிவப்பு மூடியை அழுத்தினால் தேயிலை மலை கீழே தாழ்கிறது; மீண்டும் அழுத்தினால் தீவு முழுவதும் தெரிகிறது; மூன்றாம் முறை உலகம் உருண்டையாய் நிற்கிறது. மஞ்சள் மூடி நிலவுக்கு வழி. பச்சை மூடி வீட்டுக்கு வழி. படங்களை வரைந்தவர் ஆசிரியை. அவற்றை விசைகளோடு இணைத்தவர் உயர்தர வகுப்பிற் பயிலும் அவர் தம்பி.

கணினி இல்லாத இடத்தும் குறையில்லை. அதே காட்சிகளை நீண்ட கடதாசிச் சுருளில் வரைந்து இரு தடிகளிற் சுற்றிவிட்டால், ஒரு பிள்ளை சுழற்ற மற்றப் பிள்ளைகள் பயணஞ் செய்யலாம். பால்மாத் தகரப்பேணியின் அடியில் துளைகளிட்டு உள்ளே மின்சூளை வைத்தால், இருண்ட அறையின் கூரையெங்கும் விண்மீன்கள் தோன்றும்.

நிற்க. கூரை ஒழுகும் லயத்துப் பிள்ளைக்கு விண்கலம் ஒரு கேடா என வினவும் அன்பர் உளர். அவர்தம் வினாவில் நியாயம் இல்லாமலில்லை. வீடும் காணியும் ஊதியமும் கேட்டுப் பெறவேண்டியவையே. ஆயின், அவை வந்து சேரும்வரை ஐந்து வயது காத்திருக்குமா? கற்பனைக்குரிய பருவம் ஒருமுறை கழிந்தால் கழிந்ததுதான். மேலும், விண்வெளி லயத்துக்குப் புறம்பானதும் அன்று. கூரைதோறும் தொலைக்காட்சிக்கென வானை நோக்கி நிற்கும் கிண்ணங்களைப் பாருங்கள். அவை நோக்குவது, நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிற்பதுபோலச் சுற்றிவரும் செய்மதிகளை. அவ்வுயரத்திற் செய்மதிகளை நிறுத்தி உலகெங்கும் ஒலிபரப்பலாம் என 1945 இல் எழுதிய ஆர்தர் சி. கிளார்க், 1956 முதல் 2008 இல் மறையும்வரை இத்தீவையே தம் இல்லமாகக் கொண்டவர். வானம் லயத்துக் கூரைக்கு வந்துவிட்டது. கூரையின் கீழிருக்கும் பிள்ளைக்கு மட்டும் அஃது ஏன் எட்டாதிருத்தல் வேண்டும்?

மற்றொரு தடை திரையைப் பற்றியது. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் திரைமுன் அமர்ந்திருக்கும் நேரம் நாளொன்றுக்கு ஒரு மணியைத் தாண்டலாகாது, குறையக் குறைய நன்று என உலக சுகாதார நிறுவனம் 2019 இல் அறிவுறுத்தியது. அதனை யானும் ஏற்கின்றேன். ஆயினும், திரைகளுள் இருவகை உண்டு. ஒன்று பிள்ளையின் வாயை அடைப்பது. மற்றொன்று பிள்ளையின் சொல்லுக்குக் காத்து நிற்பது. கைத்தொலைபேசியிற் பாட்டை ஓடவிட்டுச் சோறூட்டும்போது பிள்ளை ஊமையாகிறது. விண்கலத்திலோ, ஒரு பிள்ளை தலைவன். ஒரு பிள்ளை ஓட்டுநர். ஒரு பிள்ளை கீழே நின்று செய்தி கேட்பவள். பத்திலிருந்து பூச்சியம்வரை இறங்கி எண்ணாமல் கலம் கிளம்பாது. ‘மேலே’, ‘மெல்ல’, ‘திருப்பு’ என ஒருவர் கூறாமல் மற்றவர் விசையை அழுத்தலாகாது. சொல் முன்னே, காட்சி பின்னே: இவ்வொரு விதியைக் காத்தால் விண்கலம் மொழிப் பள்ளியாகும், இதனைக் கைவிட்டால் அதுவும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியே.

மேற்சொன்ன முன்பள்ளியில், உலகின் வளைந்த விளிம்பு திரையில் எழுந்தபோது ஒரு சிறுமி, “கொழுந்துக் கூடைய கவுத்த மாதிரி இருக்கு” என்று கூவினாள். தொல்காப்பியர் வகுத்த நால்வகை உவமங்களுள் வடிவு பற்றிய மெய்யுவமம் அது. எந்நூலிலும் கல்லாது, தாயின் முதுகிற் கண்டதைக் கொண்டு அவள் அமைத்தது. அவ்வாக்கியத்தைத் ‘தோட்டத்துத் தமிழ்’ என்று இகழ்ந்து, “கவிழ்த்தது போல என்று சொல்” என அவ்விடத்தே திருத்தும் ஆசிரியர் ஓர் எழுத்தைத் திருத்தி ஓர் உவமையைக் கொன்றவராவார். பண்டிதர் பட்டம் பெற்ற யானே சொல்கின்றேன்: கலம் பறக்கும் வேளையில் திருத்தற்க. எழுத்துத் தமிழுக்கு வேறு வேளை உண்டு. தன் பேச்சுக்கு வானமே அசைகிறது என்று ஒருமுறை கண்ட பிள்ளை, பின்னர் எந்த வகுப்பிலும் வாய்திறக்க அஞ்சாது. நம் தோட்டப் பிள்ளைகட்கு இன்று வேண்டுவது அவ்வச்சமின்மையே.

ஆகவேதான் கடையில் விற்கும் கலத்தினும் வீட்டிற் செய்த கலம் மேலானது என்கின்றேன். விலைக்கு வாங்கிய கலம் அயல்மொழி பேசும். அயல்நாட்டு ஏவுதளத்திலிருந்தே கிளம்பும். நம் கலம் பிரட்டுக்களத்திலிருந்து கிளம்பட்டும். நமுனுகுலை மலையைச் சுற்றட்டும். ஊவாவின் பனிமூட்டத்தைக் கிழித்து ஏறட்டும். தெமோதரையில் இருப்புப்பாதை வட்டமிட்டுத் தன் நிலையத்துக்குக் கீழேயே புகுந்து செல்வதை இவ்வூர்ப் பிள்ளைகள் அறிவர். கங்காணி ஒருவர் தலைப்பாகை கட்டுவதைக் கண்டே பொறியியலாளர்க்கு அவ்வளைவு தோன்றியது என ஒரு கதையும் இங்கே வழங்குகிறது. கதையின் மெய்ம்மை எவ்வாறாயினும், சுற்றிச் சுற்றி உயரும் வழியை விளக்க இதனினும் சிறந்த பாடம் வேறில்லை.

இப்பிள்ளைகள் யாவரும் விஞ்ஞானிகள் ஆவர் என யான் கூறவில்லை. கோதவாடி என்னும் சிற்றூரிற் பிறந்து தமிழ் வழியிற் பயின்ற மயில்சாமி அண்ணாதுரை, 2008 இல் ஏவப்பட்ட சந்திரயான்-1 திட்டத்தை இயக்கினார். இலங்கைப் பொறியியலாளர் இருவர் யப்பானில் அமைத்த இராவணா-1 என்னும் சிறு செய்மதி 2019 இல் விண்ணை அடைந்தது. இவை நடக்கக் கூடியவை என்பதற்குச் சான்றாகுமேயன்றி, விளையாட்டுக்கு விலையாகா. சிறுதேர் இழுத்த சிறுவர் எல்லாரும் தேர்ப்பாகர் ஆயினரா? இழுத்தபோது இன்புற்றனர், அதுவே போதும் என்றார் புலவர்.

ஆசிரியப் பயிற்சி பெறும் இளைஞர்க்கும், பிள்ளைக் காம்பரா என வழங்கிச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் எனப் பெயர் மாறிய இல்லங்களின் பொறுப்பாளர்க்கும் என் வேண்டுகோள் இதுவே: கடைகளிற் கழிக்கும் பெட்டிகளைக் கேட்டு வாங்குங்கள். பயனற்றதென ஒதுக்கிய கணினியைத் துடைத்தெடுங்கள். கலத்தை நீங்களே முடித்துவிடாதீர்கள். பாதியைப் பிள்ளைகளின் கைக்கு விடுங்கள். பின்னர், சற்றே விலகி நின்று அவர்கள் பேசுவதைக் கேளுங்கள்.