சாமிக்குப் பணம் கொடுத்தோம், பத்திரம் கேட்டோமா?

 

2020 ஜூலையில் அலோர்ஸ்டார் ஜாலான் ஸ்டேசனில் இருந்த ஸ்ரீ மதுரை வீரன் ஆலயம் உடைக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் கோலக்கெடா தாமான் பெர்சத்துவில் இன்னோர் ஆலயம். இரண்டு முறையும் கொதித்தோம், அறிக்கை விட்டோம். இரண்டு முறையும் அதிகாரத் தரப்பின் பதில் ஒன்றுதான்: அனுமதி இல்லாத கட்டடம்.

கொதிப்பு அடங்கியதும், நம் தோட்டத்துக் கோயிலுக்குப் பத்திரம் இருக்கிறதா என்று நம்மில் எத்தனை பேர் போய்ப் பார்த்தோம்? நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள்.

பாடாங் செராய், கூலிம், பீடோங் என்று எந்தப் பக்கம் போனாலும் தோட்டக் கோயில்களின் கதை ஒன்றுதான். துரை "கட்டிக்கொள்" என்றார். தாத்தா கல் சுமந்தார், பாட்டி மண் சுமந்தார். அந்த வாய்ச்சொல்தான் அனுமதி. பிறகு தோட்டம் கைமாறியது, துண்டானது, வீடமைப்புத் திட்டம் வந்தது. நூறு வருடக் கோயில் ஒரே நாளில் "சட்டவிரோதம்" ஆகிவிட்டது!

நூறு வருடம் இருந்தால் உரிமை வந்துவிடும் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். வராது! 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின் 48ஆவது பிரிவு அரசாங்க நிலத்துக்கும், 341ஆவது பிரிவு தனியார் நிலத்துக்கும் அந்தக் கதவைச் சாத்திவிட்டன. எத்தனை தலைமுறை விளக்கேற்றினாலும் கிராண்ட் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் சொந்தக்காரர்.

அப்படியானால் கிராண்ட் நம் பெயரில் வர வழி உண்டா? உண்டு. 1966ஆம் ஆண்டு சங்கச் சட்டத்தின் 9ஆவது பிரிவுப்படி, பதிவு பெற்ற சங்கம் தன் பெயரிலேயே நிலம் வைத்துக்கொள்ளலாம். பதிவு இல்லாத கோயில் கமிட்டிக்கு அந்த வழி இல்லை. இன்னும் மோசம், ஏழு பேர் சேர்ந்தாலே சட்டத்தின் கண்ணில் அது சங்கம். பதிவு இல்லாவிட்டால் சட்டவிரோதச் சங்கம்.

இந்தச் சட்டத்துக்கு நம்மை நன்றாகத் தெரியும். 2007 நவம்பர் 25 பேரணிக்குப் பிறகு, 2008 அக்டோபர் 15இல் இண்ட்ராப்பைத் தடை செய்தது இதே சட்டத்தைக் கொண்டுதான். அந்தத் தடை 2013 ஜனவரியில்தான் நீங்கியது. நம்மை அடிக்க எடுத்த தடி அது. அதில் நமக்குப் பயன்படும் முனையும் இருக்கிறது, அதை ஏன் விடவேண்டும்?

விட்டது யார்? கசப்பாக இருந்தாலும் சொல்கிறேன்: நம் கமிட்டிக்காரர்கள். ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் கணக்கறிக்கையைச் சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்பவேண்டும். பல இடங்களில் கூட்டமே நடப்பதில்லை. நான் வளர்ந்த தோட்டத்தில் கோயில் கணக்கு முழுவதும் தலைவரின் சட்டைப் பையில் ஒரு 555 நோட்டில் இருந்தது. அவர் திருடியதாக நான் சொல்லவில்லை. ஆனால் அவர் காலமான பிறகு அந்த நோட்டு யாரிடம் போனது என்று யாருக்கும் தெரியவில்லை. பிறகு இரண்டு கோஷ்டி, இரண்டு உண்டியல். கோயில் நிலம் விற்பனைக்குப் போன நாளில் மனுவில் கையெழுத்துப் போட உரிமையுள்ள ஒரு சங்கம் அங்கே இல்லை.

வருமான வரிக் கதை இன்னும் வேடிக்கையானது. 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அனுமதி பெற்ற அமைப்புக்கு நன்கொடை கொடுத்தால், கொடுத்தவரின் வருமானத்தில் அந்தத் தொகை கழிக்கப்படும். தனியாளுக்கு 2020 முதல் மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை. மாதம் 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் வாங்கும் தொழிலாளி வருமான வரி கட்டும் நிலையிலேயே இல்லை, அவர் கொடுக்கும் பத்து வெள்ளிக்கு எந்தச் சலுகையும் கிடையாது. ஆனால் சுங்கைப் பட்டாணி முதலாளி பத்தாயிரம் கொடுக்க வரும்போது முதலில் கேட்பது 44(6) ரசீதைத்தான். நம்மிடம் இல்லை என்றால், அது இருக்கும் பட்டணத்துப் பெரிய அமைப்புக்குப் போய்விடுவார். வழிபாட்டுத் தலங்களின் கட்டட நிதியும் இந்த அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். தணிக்கை செய்த கணக்கு இல்லாமல் எப்படி விண்ணப்பிப்பது?

இன்னொன்றையும் கேட்கவேண்டும். முஸ்லிம் சகோதரர் 1,000 வெள்ளி ஸக்காத் கட்டினால், அவர் கட்டவேண்டிய வரியிலேயே 1,000 வெள்ளி தள்ளுபடி. அவர் கடமையை நாம் குறை சொல்லவில்லை. 6 விழுக்காடு வரி கட்டும் இந்துவோ கிறிஸ்தவரோ 44(6) வழியாக 1,000 கொடுத்தால் மிச்சம் 60 வெள்ளி. இது எந்தக் கணக்கு? நாடாளுமன்றத்தில் இருக்கும் நம் பிரதிநிதிகள் பதில் சொல்லட்டும்.

தோட்டத் தொழிலாளிக்குப் பத்திரம் எல்லாம் ஒத்துவராது என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், பால்மரம் வெட்டியவர்களின் சிறு பணத்தைச் சேர்த்து 1961இல் வாங்கிய முதல் தோட்டம் எது? நம் கெடாவின் புக்கிட் சிடிம்! அதற்கும் முன்னால், 1946, 47இல் பீடோங் ஹார்வார்ட் தோட்டத்து ஏ.எம். சாமி தொண்டர் படை திரட்டிக் கள்ளுக்கடை மறியல் நடத்திய மண் இது.

மாநில அரசாங்கமும் கை கழுவ முடியாது. பெரிய தோட்டத்தைத் துண்டாக்கிப் பலருக்கு விற்கவேண்டுமானால் தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். விவசாய நிலத்தை வீடமைப்பு நிலமாக மாற்ற மாநில அரசாங்கம் கையெழுத்துப் போடவேண்டும். கோயிலுக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் நிலத்தை அளந்து பிரித்துக் கொடு, பிறகு கையெழுத்து என்று மந்திரி புசார் ஒரு நிபந்தனை போட்டால் எந்த மேம்பாட்டு நிறுவனம் மறுக்கும்? பேனா அவர் கையில் இருக்கும்போதே கேட்கவேண்டும். இயந்திரம் வந்த பிறகு கேட்டுப் பயன் இல்லை.

இந்த ஆண்டுத் திருவிழா உபயச் சீட்டு உங்கள் வீட்டுக்கு வரும். பணம் கொடுக்குமுன் அதில் சங்கப் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் செயலாளரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: கடைசியாகப் பொதுக்கூட்டம் எப்போது நடந்தது? கணக்கு பதிவிலாகாவுக்குப் போனதா? கிராண்ட் யார் பெயரில் இருக்கிறது? அவருக்குக் கோபம் வந்தால் வரட்டும்.