நாடி பாராத வைத்தியம்

ஒரகடத்தில் ரெனால்ட்–நிசான் ஆலை 2010இல் தொடங்கப்பட்டது. 2012 முதல் அங்கிருந்து வெளிவந்த டீசல் டஸ்டர் கார்களில் பல இன்று முதுமை எய்திவிட்டன. டர்போ பொருத்திய இத்தகைய பழைய வண்டி உதறி ஓடினால், "இன்ஜெக்டர் நான்கையும் மாற்று" என்பதே பல பட்டறைகளின் முதல் தீர்ப்பு. நாடி பாராமல் மருந்து கொடுக்கும் வைத்தியம் இது என்பேன்.

உதறல் எப்போது என்று முதலில் கேட்க வேண்டாமா? மேட்டில் ஏறும்போது மட்டும் திணறிக் கரும்புகை கக்கினால், டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குச் செல்லும் ரப்பர் குழாய் வெடித்திருக்கலாம். காற்று கசிந்தால் டீசல் முழுதும் எரியாது. நின்ற நிலையிலேயே உதறினால், டீசல் வடிகட்டியில் நீர் தேங்கியுள்ளதா, இ.ஜி.ஆர். வால்வில் கரி படிந்துள்ளதா என்று பார்க்க வேண்டும். அதன் பிறகே இன்ஜெக்டர். அவற்றிலிருந்து திரும்பிவரும் டீசலை நான்கு புட்டிகளில் தனித்தனியே பிடித்து ஒப்பிட்டால், அளவு மீறி வடிப்பது எது என்று தெரிந்துவிடும். பழுதான ஒன்றுக்காக நல்ல மூன்றையும் ஏன் எறிய வேண்டும்?

வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவருக்கு நான்கு இன்ஜெக்டரின் விலை ஒரு மாத வருவாயையே விழுங்கிவிடும். ரப்பர் குழாயின் விலையோ அதில் சிறு பகுதி.

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம் புதிய வண்டிகளைச் செய்யக் கற்றுவிட்டது. பழைய வண்டியின் குறையைக் காரணம் அறிந்து தீர்க்கவும் நம் இளைஞர் பழக வேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்கள் இச்சோதனைகளுக்கென்றே தனி நேரம் ஒதுக்கட்டும்.