நுனிப்புல் மேயலாமா?

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை நெருங்கும்போது சிங்கப்பூரில் பல வீடுகளில் வெளிநாட்டுப் பயணமே பேச்சாக இருக்கும். விமானச் சீட்டுகளும் தங்கும் விடுதிகளும் முன்கூட்டியே பதிவு செய்யப்பட்டுவிடுகின்றன. ஆனால், அங்குப் போய்ச் சேர்ந்த பிறகு ஒவ்வொரு நாளையும் எப்படிக் கழிப்பது என்பதைப் பலர் ஆராய்வதில்லை. சமூக ஊடகங்களில் பார்த்து ஆசைப்பட்ட இடங்களை வரிசையாக எழுதி, அதையே பயணத் திட்டம் என்று நம்பிவிடுகின்றனர். நேரத்தையும் உடன் வருவோரின் உடல்நிலையையும் கணக்கில் கொள்ளாத பட்டியல் பயணத் திட்டம் ஆகாது.

சிங்கப்பூரர்கள் விரும்பிச் செல்லும் ஜப்பானை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். டிசம்பர் மாதத்தில் ஒரு குடும்பம் தோக்கியோ, கியோத்தோ, ஒசாக்கா, சப்போரோ ஆகிய நான்கு நகரங்களையும் ஏழு நாள்களில் சுற்றிப் பார்க்க விரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். சிங்கப்பூரிலிருந்து தோக்கியோவுக்கு விமானத்தில் செல்லவே ஏறக்குறைய 7 மணி நேரம் ஆகும். எனவே, முதல் நாளும் கடைசி நாளும் பயணத்திலேயே கழிந்துவிடும். எஞ்சுவது ஐந்து நாள்கள்.

தோக்கியோவிலிருந்து கியோத்தோவுக்கு அதிவிரைவு ரயிலில் இரண்டேகால் மணி நேரத்தில் சென்றுவிடலாம். ஆனால், கைப்பேசி காட்டுவது ரயில் ஓடும் நேரத்தை மட்டுமே. பெட்டிகளைக் கட்டுவதற்கும், அறையைக் காலி செய்வதற்கும், ரயில் நிலையத்தில் வழி தேடுவதற்கும், அடுத்த விடுதியைக் கண்டுபிடிப்பதற்கும் ஆகும் நேரத்தை யார் கணக்கிடுவது? ஒருமுறை ஊர் மாறினால் அரை நாள் போய்விடும். நான்கு நகரங்களுக்கு மூன்று முறை மாற வேண்டும். அதில் ஒன்றரை நாள் கழிந்தால், மூன்றரை நாள்களே மிஞ்சும். ஒரு நகரத்திற்கு ஒரு முழு நாள்கூடக் கிடைக்காது.

அந்த நாளும் நீளமானதன்று. டிசம்பரில் தோக்கியோவில் மாலை நாலரை மணியளவிலேயே சூரியன் மறைந்துவிடும். கியோத்தோவின் புகழ்பெற்ற பொற்கோயில் மாலை 5 மணிக்கு மூடப்படும். பல அரும்பொருளகங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. கிழக்கிலிருந்து மேற்குவரை சுமார் 50 கிலோமீட்டரே உள்ள தீவில், பெருவிரைவு ரயிலில் ஒரே நாளில் பல இடங்களுக்குச் சென்று பழகியவர்கள் இவற்றை எளிதில் மறந்துவிடுகின்றனர்.

இத்தகைய திட்டத்தால் அதிகம் துன்பப்படுவோர் முதியவர்களும் சிறு பிள்ளைகளும்தான். இரண்டு நாள் ஓட்டத்திற்குப் பிறகு, “நீங்கள் போய்விட்டு வாருங்கள், நான் அறையிலேயே இருக்கிறேன்,” என்று பாட்டி சொல்லக்கூடும். கால் வலியைவிட, மற்றவர்களுக்குப் பாரமாகிவிடக் கூடாதே என்ற எண்ணமே அவரை அப்படிச் சொல்ல வைக்கும். குடும்பத்தோடு இருக்க வேண்டுமென்று வந்தவர், வெளிநாட்டில் ஓர் அறைக்குள் தனியாக அமர்ந்திருப்பார்.

“இவ்வளவு பணம் செலவழித்துப் போகிறோம். மறுபடியும் எப்போது போவோமோ! முடிந்தவரை எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும்,” என்று பெற்றோர் சிலர் வாதிடுவர். பல மாதங்கள் சேமித்த பணம் வீணாகக் கூடாது என்ற அவர்களது கவலை நியாயமானதே. ஆனால், ஊர்விட்டு ஊர் மாறும்போது பயணச் செலவும் கூடுகிறது. ஓர் இடத்தில் இருபது நிமிடம் நின்று படமெடுத்துவிட்டு ஓடுவது நுனிப்புல் மேய்வதற்கு ஒப்பாகும். அதற்குக் கொடுக்கும் விலைதான் அதிகம்.

மாற்று வழி கடினமானதன்று. ஒசாக்காவில் மட்டும் தங்கினால், கியோத்தோவுக்கு ரயிலில் அரை மணி நேரத்திலும், மான்கள் உலவும் நாரா நகருக்கு ஒரு மணி நேரத்திற்குள்ளும் சென்று திரும்பலாம். பெட்டிகளைத் தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை. நாளொன்றுக்கு ஒரு முக்கிய இடத்தைக் காலையில் பார்த்துவிட்டு, மாலையை இளைப்பாற விட்டுவைக்கலாம். கியோத்தோவின் ஃபுஷிமி இனாரி ஆலயத்தில் செந்நிற வாயில்களைக் கடந்து மலையேறி இறங்க இரண்டு மணி நேரத்திற்கு மேல் ஆகலாம். பேரப்பிள்ளைகள் ஏறட்டும். பாட்டி அடிவாரத்திலுள்ள வாயில்களைக் கண்டு மகிழலாம். இதையும் முன்கூட்டியே திட்டத்தில் எழுதிவைத்தால், யாரும் விடுபட்டதாக உணரமாட்டார்கள்.

இப்பணியில் மாணவர்களுக்கும் பங்குண்டு. திறக்கும் நேரம், விடுமுறை நாள், பயண நேரம் ஆகியவற்றை இணையத்தில் தேடி அட்டவணை தயாரிப்பது அவர்களுக்கு எளிது. அதற்குமுன், குடும்பத்தினர் ஒவ்வொருவரும் கட்டாயம் பார்க்க விரும்பும் ஓர் இடத்தைக் கேட்டறிய வேண்டும். அந்தக் கேள்வியை வீட்டிலுள்ள முதியவரிடம் முதலில் கேட்பது நல்லது.