ஒரு முதலாளி, பல சேனல்கள்: ஒன்றின் வினை மற்றதைச் சுடும்

நம் வணிகர்களில் சிலர் கடைக்கு ஒன்று, வீட்டுச் சமையலுக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று என யூடியூப் சேனல்கள் நடத்துகிறார்கள. பெயர்ப்பலகை வேறாக இருந்தாலும், முதலாளி ஒருவரே என்றால் அவற்றைத் தொடர்புடைய சேனல்களாகவே அந்நிறுவனம் கருதுகிறது. நமது ஜி.எஸ்.டி. எண்ணுக்குள் பான் எண்ணின் பத்து எழுத்துகளும் அமர்ந்திருப்பதைப் போன்றது இது. விளம்பர வருவாய் பெறும் ஆட்சென்ஸ் கணக்கும் ஒருவருக்கு ஒன்றுதான். சேனல் எத்தனை இருந்தாலும் பணம் அந்த ஒரே கல்லாவில்தான் விழும்.

விதி கடுமையானது. பதிப்புரிமை மீறலுக்காக 90 நாட்களுக்குள் மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால், தவறு செய்த சேனலோடு அதன் தொடர்புடைய சேனல்களும் மூடப்படலாம். மூடப்பட்டவர் வேறு சேனல் வைத்திருக்கவோ, புதிதாகத் தொடங்கவோ கூடாது. ஓராண்டு கழித்துப் புதுச் சேனல் கேட்கும் வாய்ப்பு 2025 அக்டோபரில் சிலருக்கு அறிவிக்கப்பட்டது. பதிப்புரிமை மீறலால் மூடப்பட்டோருக்கு அதுவும் இல்லை.

இவ்விதியை நாம் குறை கூறவில்லை. மஞ்சள் கடிதாசி கொடுத்துவிட்டு மறுமாதமே மைத்துனர் பெயரில் கடை திறப்பவரைச் சந்தை அறியும். சரக்கைக் கடனுக்குக் கொடுத்தவருக்கே அந்த வலி தெரியும்.

ஆனால், ஒரே வளாகத்தில் கடை வைத்திருப்பதாலேயே இருவர் கூட்டாளி ஆகிவிடுவதில்லை. தமக்குச் சம்பந்தமே இல்லாத சேனலோடு பிணைத்துத் தம் சேனலை மூடிவிட்டதாக 2025 நவம்பரில் படைப்பாளர்கள் சிலர் முறையிட்டனர். எந்தச் சேனலோடு, எக்காரணத்தால் பிணைத்தோம் என்று சொல்லி, பதிலையும் கேட்ட பிறகே கதவை அடைக்க வேண்டும் என்பது நமது கருத்து. கடைக்குச் சீல் வைக்கும் முன் நோட்டீஸ் எதிர்பார்க்கும் நாம், இங்கு மட்டும் அதை விட்டுக்கொடுக்க முடியாது.

அதுவரை எச்சரிக்கை நம் கையில். சேனலைக் கவனிக்கும் பையனிடம் பாஸ்வேர்டைக் கொடுக்காமல், சேனலிலேயே உள்ள அனுமதி வசதி மூலம் பொறுப்பை மட்டும் கொடுங்கள். நட்புக்காகப் பிறர் சேனல் வருவாயை உங்கள் ஆட்சென்ஸ் கணக்கில் வாங்காதீர்கள். உரிமை பெறாத சினிமாப் பாட்டை விளம்பரப் படத்தில் சேர்க்காதீர்கள்.

கல்லாச் சாவியை யாரிடம் கொடுப்பது என்று பத்து முறை யோசிப்பவர்கள் நாம். சேனலின் சாவிக்கும் அதே கவனம் வேண்டும் என அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.